லாரியில் எழுதிய செல் நம்பர் யாருக்குச் சொந்தம்?

திருச்செங்கோடு பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ரோட்டோரமாக வரிசை கட்டி நிற்கும் ரிக் லாரிகள். பக்கவாட்டில் ஏஜென்சியின் பெயர் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே, பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகவே, பத்து இலக்க செல் நம்பர். இந்த வண்டிகள் மாதக்கணக்கில் வெளிமாநிலங்களில் சுற்றுகின்றன. அங்கே போர் போடச் சொல்லும் விவசாயிக்குத் திருச்செங்கோடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நம்பர் மட்டும்தான்.

கோவை டவுன்ஹால் பக்கம் நடந்து பார்த்தாலும் இதே கதை. கிரைண்டர் கடை, மோட்டார் காயில் கட்டும் கடை, பாத்திரக் கடை என எல்லா போர்டிலும் ஒரு நம்பர். பழைய போர்டுகளில் 0422 என்று ஆரம்பிக்கும் லேண்ட்லைன் நம்பர் பாதி அழிந்து தெரியும். அதன் மேல் செல் நம்பரை ஸ்டிக்கர் அடித்து ஒட்டியிருப்பார்கள். கடைக்குள்ளே போனால் கல்லாப்பெட்டி பக்கத்தில் க்யூ.ஆர். அட்டை. அதற்குப் பின்னால் இருக்கும் பேங்க் கணக்கும் அநேகமாக அதே நம்பரோடுதான் கட்டப்பட்டிருக்கும்.

இந்த நம்பர் யாருடையது?

'இதென்ன கேள்வி, காசு குடுத்து வாங்கினவரோடது' என்றுதான் நானும் நினைத்தேன். சட்டப்படி அப்படி இல்லை. 2003-ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட தேசிய எண் திட்டம், தொலைபேசி எண்களைத் தேசிய வளம் என்கிறது. ஆற்று மணல், அலைக்கற்றை மாதிரி. அரசு அவற்றைக் கட்டுக் கட்டாக நிறுவனங்களுக்கு ஒதுக்கும். நிறுவனங்கள் நமக்குப் பயன்படுத்தக் கொடுக்கும். நாம் உரிமையாளர் அல்ல, கிட்டத்தட்ட வாடகைக்குக் குடியிருப்பவர். வாடகை வீட்டின் வாசலில் பெயர்ப் பலகை மாட்டி, இருபது வருஷமாக வியாபாரம் செய்துகொண்டிருக்கிறோம்.

கம்பெனியை மாற்றலாம், நம்பரை மாற்ற வேண்டாம்

இந்த வாடகைதாரருக்கு ஒரு பெரிய உரிமை 2011 ஜனவரி 20-ம் தேதி நாடு முழுக்கக் கிடைத்தது. எம்.என்.பி. என்று நாம் சொல்லும் நம்பர் போர்ட்டிங். அதற்கு இரண்டு மாதம் முன்பே, 2010 நவம்பரில், ஹரியானாவில் ஆரம்பித்துப் பார்த்துவிட்டார்கள். விதிமுறையை 2009-லேயே எழுதியது டிராய் எனப்படும் இந்திய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்.

அதற்கு முன்பு கம்பெனி பிடிக்கவில்லை என்றால் நம்பரையும் விட வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு வைத்திருப்பவருக்கு அது ஒருநாள் தொந்தரவு. வியாபாரிக்கு அப்படியா? போர்டு, பில் புக், விசிட்டிங் கார்டு, தினசரி காலண்டர், கட்டைப்பை எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். அப்படியும் பழைய வாடிக்கையாளர் பழைய நம்பருக்குத்தான் கூப்பிடுவார். சிக்னல் கிடைக்காவிட்டாலும், சார்ஜ் அதிகமானாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அதே கம்பெனியில் இருந்தவர்கள் அதிகம். கம்பெனிகளுக்கும் அது நன்றாகத் தெரியும்.

ஆரம்பத்தில் போர்ட்டிங் தமிழ்நாடு வட்டத்துக்குள் மட்டும்தான். 2015 ஜூலையிலிருந்து எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதே நம்பரை எடுத்துப் போகலாம் என்று வந்தது. ரிக் லாரிக்காரர்களுக்கும் நாமக்கல் லாரிக்காரர்களுக்கும் இதன் அருமை தெரியும். இப்போது 1900-க்கு, PORT என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு நம்பரைப் போட்டு அனுப்பினால் எட்டு எழுத்து-எண் கொண்ட ஒரு கோடு வரும். நம் ஊரில் அது நான்கு நாள் செல்லும். அதைப் புது கம்பெனியின் கடையில் காட்டினால், ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடும். காரணமில்லாமல் மறுக்கும் கம்பெனிக்கு ஒவ்வொரு மறுப்புக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் போட டிராய்க்கு அதிகாரம் இருக்கிறது. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் மூன்றும் ஒரே நேரத்தில் கட்டணத்தை ஏற்றியபோது, நிறைய பேர் பி.எஸ்.என்.எல்-லுக்குத் தாவினார்களே, அது இந்த உரிமையால்தான்.

லேண்ட்லைனுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அந்த 0422 நம்பர்கள் போர்டிலேயே மங்கிப்போக இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2018 பிப்ரவரி: செத்துப்போன சிக்னல்

உரிமை இருக்கிறது, சரி. உரிமையைப் பயன்படுத்த சிக்னல் வேண்டுமே!

ஏர்செல் ஞாபகம் இருக்கிறதா? 1999-ல் தமிழ்நாட்டில் ஆரம்பித்த நம்ம ஊர் கம்பெனி. சென்னை சூப்பர் கிங்ஸ் மஞ்சள் சட்டையில் அந்தப் பெயர் இருந்த காலத்தில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். 'புலிகள் 1411-தான் மிச்சம்' என்ற விளம்பரத்தை எங்கள் வகுப்பே மனப்பாடமாகச் சொல்லும். கொங்குப் பகுதியில் கடை போர்டுகளிலும் வண்டிகளிலும் இருந்த நம்பர்களில் பெரும் பங்கு அவர்களுடையது.

2016-ல் ஜியோ வந்த பிறகு விலைப் போட்டியில் சின்னக் கம்பெனிகள் திணறின. ஏர்செல்லுக்குக் கடன் கழுத்தை நெரித்தது. 2018 ஜனவரி கடைசியில் குஜராத், மகாராஷ்டிரா உள்ளிட்ட ஆறு வட்டங்களில் சேவையை நிறுத்தியது. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை என்று நம் ஆட்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் டவர் கம்பெனிகளுக்குப் பாக்கி, மற்ற கம்பெனிகளோடு இணைப்புக் கட்டணத் தகராறு என்று எல்லாம் சேர்ந்து, பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் இங்கேயும் டவர்கள் அணைந்தன. காலையில் எழுந்தவர்களின் போனில் சிக்னல் கட்டை ஒன்றுகூட இல்லை. பிப்ரவரி 28-ம் தேதி மும்பையில் உள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் கம்பெனி திவால் மனு போட்டது.

அப்போதுதான் விதிமுறையில் இருந்த ஓட்டை எல்லோருக்கும் புரிந்தது. வேறு கம்பெனிக்குப் போக வேண்டுமானால் 1900-க்கு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ். நம் பழைய நெட்வொர்க் வழியாகத்தான் போக வேண்டும். நெட்வொர்க்தான் செத்துவிட்டதே! வீடு தீப்பிடித்து எரிகிறது, வெளியே போகச் சாவி வேண்டும், சாவி எரிகிற அறைக்குள் இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க ஏர்செல் கடைகள் முன்னால் கூட்டம் கூடியது. ஷட்டரை இறக்கிவிட்டுப் போன கடைகளும் உண்டு. எங்காவது ஒற்றைக் கட்டை சிக்னல் கிடைக்கிறதா என்று மொட்டை மாடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை அந்த வாரம் எல்லா ஊரிலும் பார்க்க முடிந்தது.

டிராய் தலையிட்டது. வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ள ஏப்ரல் 15 வரை அவகாசம் வந்தது. பெரும்பாலோர் எப்படியோ மாறினார்கள். மாறியவர்களுக்கும் ப்ரீபெய்டு பேலன்ஸ் புது கம்பெனிக்குக் கூட வராது, அது போர்ட்டிங் விதியிலேயே அப்படி. மாற முடியாமல் போனவர்கள் யார்? பெரும்பாலும் வயதானவர்களும், சிம்மை யார் பெயரிலோ வாங்கியவர்களும்தான். ஓட்டலிலோ மில்லிலோ வேலை பார்த்துவிட்டு சொந்த ஊர் போயிருந்த வெளிமாநிலத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. போர்ட்டிங் விதியை எழுதியவர்கள் 'வாடிக்கையாளர் கம்பெனியைவிட்டுப் போவார்' என்று மட்டும் யோசித்திருக்கிறார்கள். கம்பெனி வாடிக்கையாளரைவிட்டுப் போகும் என்று யோசிக்கவில்லை. 1999-லிருந்து எத்தனை கம்பெனிகள் வந்தன, எத்தனை காணாமல் போயின!

கென்யாவில் காசு, இங்கே நம்பர்

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் இல்லை. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பேங்க் கணக்கைவிட முன்னால் மொபைல் பணம் வந்துவிட்டது. கென்யாவில் 2007-ல் சஃபாரிகாம் கம்பெனி எம்-பெசா ஆரம்பித்தது. சந்தையில் தக்காளி வாங்கினாலும் போனிலேயே காசு. நாம் யூ.பி.ஐ. பார்ப்பதற்கு ஒன்பது வருஷம் முன்பு! அங்கேயும் 2011-ல் நம்பர் போர்ட்டிங் கொண்டு வந்தார்கள். எதிர்பார்த்த வரவேற்பு இல்லை. காரணம் எளிது. நம்பரைத் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போகலாம், ஆனால் எம்-பெசா சஃபாரிகாமுடையது. காசு இருக்கும் பையை அங்கேயே விட்டுவிட்டுப் போக யாருக்கு மனசு வரும்? ஒரு கம்பெனியின் மொபைல் பணத்திலிருந்து இன்னொரு கம்பெனிக்கு நேராக அனுப்பும் வசதி கென்யா, கானா இரண்டிலுமே 2018-ல்தான் வந்தது.

2016-ல் வந்த நம் யூ.பி.ஐ. இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமானது. காசு பேங்கில் இருக்கிறது. போன் கம்பெனி எதுவானாலும் கவலை இல்லை. ஆனால் பேங்கைத் திறக்கும் சாவியை நம்பரில் வைத்துவிட்டோம். அந்த நம்பரே கைமாறிப்போனால்?

அப்புச்சியின் நம்பர்

இது எங்கள் வீட்டில் நடந்தது. அம்மாவின் அப்பா, ஈரோடு பக்கம் மஞ்சள் வியாபாரம் பார்த்தவர். சாதா பட்டன் போன்தான். ஆனால் அந்த நம்பர் சுற்றுவட்டாரக் காட்டுக்காரர்கள், மண்டிக்காரர்கள் எல்லாரிடமும் இருக்கும். பக்கவாதம் வந்து படுத்த பிறகு போன் பீரோவுக்குள் போய்விட்டது. ரீசார்ஜ் முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து அப்புச்சி தவறிப்போனார்.

திதி அன்றைக்கு அம்மா சும்மா அந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தார். ஏன் போட்டார் என்று கேட்காதீர்கள், அப்படித்தான் எல்லோரும் செய்கிறோம். ரிங் போனது. ஒரு பையன் எடுத்தான்.

"யாருங்க?"

அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. நான் வாங்கிப் பேசினேன். ஓசூரில் வேலை பார்க்கிறானாம். நம்பர் வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகிறதாம். "டெய்லி நாலு பேராவது மஞ்சள் என்ன விலைன்னு கேக்கறாங்கண்ணா. நானே இப்ப விலை பாத்துச் சொல்லிட்டு இருக்கேன்" என்று சிரித்தான். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "பேங்க் மெசேஜும் வருதுங்கண்ணா" என்றான்.

அம்முச்சியும் அப்புச்சியும் சேர்ந்து வைத்திருந்த கணக்கு. அம்முச்சி பணம் எடுக்கும்போதெல்லாம், இருப்பு எவ்வளவு என்ற விவரத்தோடு ஓசூருக்கு மெசேஜ் போயிருக்கிறது. அந்தப் பையன் நல்லவன். எல்லோருக்கும் அப்படி அமையுமா?

செல்போன் கம்பெனியின் கடைக்குப் போய் நியாயம் கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, 'விதிப்படிதான் நடந்திருக்கு' என்று அனுப்பிவிட்டார்கள். ஆபீஸ் வந்து விதியைத் தேடிப் படித்தபோது, அவர்கள் சொன்னது சரி என்று தெரிந்தது. அதுதான் எரிச்சல்.

டிராய் 2013-ல் கொண்டுவந்த விதி இப்படிச் சொல்கிறது: ப்ரீபெய்டு நம்பரை 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தாமல் இருந்தால்தான் துண்டிக்கலாம். கால் செய்வது, வருவது, எஸ்.எம்.எஸ். அனுப்புவது, டேட்டா எடுப்பது எல்லாமே பயன்பாடுதான். அந்த 90 நாள் முடியும்போது கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும். அதுவும் இல்லாமல் துண்டிக்கப்பட்டால், அதே நம்பரைத் திரும்பக் கேட்டு வாங்க 15 நாள் அவகாசம். அதற்கப்புறம் நம்பர் நம்முடையது இல்லை.

துண்டித்த நம்பரை எத்தனை நாளில் வேறொருவருக்குக் கொடுக்கலாம்? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. பழைய நம்பரின் வாட்ஸ்அப், பேங்க் விவரங்கள் புது ஆளுக்குப் போகின்றன என்று ஒருவர் மனு போட்டார். குறைந்தது 90 நாள் கழித்துத்தான் புது வாடிக்கையாளருக்குத் தரப்படுகிறது என்று டிராய் பதில் சொன்னது. நம்பரை விடுபவர் தன் தகவல்களை அழித்துக்கொள்ளலாமே என்று சொல்லி, 2023 நவம்பரில் நீதிமன்றம் அந்த வழக்கை முடித்துவைத்தது.

தானாக நம்பரை விடுபவருக்கு அது பொருந்தும். பக்கவாதத்தில் படுத்திருந்தவர் எதை அழிப்பார்? தன் நம்பர் போய்விட்டது என்பதே அவருக்குத் தெரியாது.

90 நாள் என்ற கணக்கிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. நம்பர்கள் தேசிய வளம், சும்மா பூட்டி வைக்க முடியாது என்ற வாதம் புரிகிறது. ஆனால் அந்த விதி வந்த 2013-ல் யூ.பி.ஐ. இல்லை. பெட்டிக்கடையில் க்யூ.ஆர். அட்டை இல்லை. நம்பர் அப்போது பேசுவதற்கு மட்டும். இன்றைக்கு அதே நம்பரில் பேங்க், ஆதார், கேஸ், ஜி.எஸ்.டி., பென்ஷன் எல்லாம் தொங்குகின்றன. திருப்பூரில் ஆர்டர் பேசுவதும், துணி சாம்பிள் போட்டோ அனுப்புவதும் வாட்ஸ்அப்பில்தான் பாதி நடக்கிறது. அந்த வாட்ஸ்அப்பும் சிம்மோடு கட்டப்பட வேண்டும், போனில் சிம் இல்லாவிட்டால் ஆப் ஓடக் கூடாது, கம்ப்யூட்டரில் திறந்தால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேற்ற வேண்டும் என்று 2025 நவம்பர் 28-ல் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. சைபர் மோசடியைத் தடுக்கத்தான். அது எந்த வடிவில் நடைமுறைக்கு வந்தாலும், நம்பரின் மேல் வைக்கும் பாரம் இன்னும் ஏறுகிறது என்பது நிச்சயம். முதலாளியின் பாக்கெட்டில் சிம், குடோன் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் என்று ஓடும் கடைகள் எங்கள் ஊரில் எத்தனையோ.

பேங்குக்கும் தெரிய வேண்டும்

கொஞ்சம் நல்ல செய்தியும் உண்டு. துண்டிக்கப்பட்ட நம்பர்களின் பட்டியல் ஒன்று அரசிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத் தங்கள் பதிவேடுகளைச் சுத்தம் செய்யும்படி ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் பேங்குகளுக்குச் சொன்னது. கூகுள் பே, போன்பே போன்ற ஆப்களும் பேங்குகளும் வாரம் ஒருமுறையாவது இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று யூ.பி.ஐ-யை நடத்தும் என்.பி.சி.ஐ. 2025 மார்ச் 31 வரை கெடு வைத்தது. அதன்படி, கைமாறிய நம்பரை பேங்க் தானாகவே நீக்க வேண்டும்.

ஆனால் நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் யாராவது தவறிப்போனால் அவர்கள் சிம்மைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். இறப்புச் சான்றிதழும் உங்கள் அடையாள ஆவணமும் எடுத்துக்கொண்டு கம்பெனியின் கடைக்குப் போனால், வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால், முதலில் பேங்க், ஆதார், கேஸ் எல்லாவற்றிலும் நம்பரை மாற்றிவிட்டு, வாட்ஸ்அப் கணக்கை அழித்துவிட்டு, அப்புறம் சிம்மை விடுங்கள். கடை நம்பர் பழைய வேலையாள் பெயரிலோ, பிரிந்துபோன பார்ட்னர் பெயரிலோ இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். பெயர் யாருடையதோ, போர்ட் செய்யும் உரிமையும் அவருடையதுதான். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஓ.டி.பி. போட்டுப் பார்க்கலாம். எங்கள் சித்தப்பா பெயரில் அவருக்கே தெரியாமல் ஒன்று இருந்தது. அங்கேயே 'என்னுடையது அல்ல' என்று பதிவு செய்தோம்.

டேட்டா வேண்டாம், பேசினால் போதும் என்கிற பெரியவர்களுக்காகவும் ஒரு விதி வந்திருக்கிறது. வாய்ஸும் எஸ்.எம்.எஸ்-ஸும் மட்டும் உள்ள பேக் தனியாகத் தர வேண்டும், பேக்கின் செல்லுபடிக் காலம் 365 நாள் வரை இருக்கலாம் என்று 2024 டிசம்பரில் டிராய் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. 2025-லிருந்து அந்த பேக்குகள் கடைகளில் கிடைக்கின்றன. கேட்டால்தான் சொல்வார்கள். பெரிய பேக்கைத்தான் முதலில் காட்டுவார்கள். நீங்கள் கேளுங்கள்.

அம்முச்சிக்கு இப்போது அப்படி ஒரு பேக்தான் போட்டிருக்கிறோம். பேங்க் கணக்கில் அவருடைய நம்பரை மாற்ற மூன்று தடவை நடந்தோம். மூன்றாவது தடவை மேனேஜரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஓசூர் பையனுக்கு மெசேஜ் வருவது நின்றுவிட்டதாம், அவனே போன் செய்து சொன்னான். மஞ்சள் விலை கேட்டு வரும் கால் மட்டும் இன்னும் நிற்கவில்லையாம்.

அம்முச்சியின் அடுத்த ரீசார்ஜ் தேதியை அம்மா, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் மாத காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.